கோழி கேறிய முற்றம்

தீங்கு நினைக்காமலேயே ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டால் அந்தப் பழியை எங்கே இறக்கி வைப்பது? நாசரேத்தில் பிறந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்ட ஞானபாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வருகிறது. அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். கெட்டவள் என்றும் சொல்ல முடியாது.

எழுபத்து நான்காம் ஆண்டு வாக்கில் அவள் கணவன் ஜெயசிங் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்தான். ஒரு நாள் கால் வழுக்கிக் கிழிந்த தகரத்தின்மேல் விழுந்தான். கெண்டைக்கால் ஆழமாகக் கிழிந்தது. தையல் போட்டு அனுப்பிய டாக்டர், “முட்டை, மீன், பயறு, கீரை எல்லாம் நல்லாக் கொடுங்க. புதுச் சதை அதுலதான் வளரணும்” என்றார். ஞானபாக்கியம் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கினாள். மீனும் முட்டையும் புண்ணில் சீழ் வைக்கும் என்று அந்தத் தெருவே நம்பியது. அவளுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அவள் அப்பா புண் புரையோடி இறந்தபோது, கருவாடு கொடுத்துக் கொன்றாள் என்று அம்மாவைச் சொந்தக்காரர்கள் கடைசிவரை ஏசினார்கள். அந்தப் பேச்சுக்கு அவள் பயந்தாள். ஆகவே ஜெயசிங்குக்குப் பச்சரிசிக் கஞ்சி, ரொட்டி, சீனி போட்ட கடுங்காப்பி.

முற்றத்தில் கோழிகள் நின்றன. முட்டைகள் விற்பனைக்கு வெள்ளத்துரை அண்ணாச்சி கடைக்குப் போயின. காலையில் கோழி கேறினால் ஜெயசிங் கட்டிலில் கிடந்தபடி சிரிப்பான்.

“ஏளா, முட்டையிட்டுட்டு எனக்குத்தான் தகவல் சொல்லுது. உனக்குக் காது கேக்கலியா?”

“பேசாமக் கெடங்க. புண்ணு ஆறட்டும், கோழியையே அறுத்துத் தாரேன்.”

“அப்போ கோழிக்கு ஆயுசு கெட்டி.”

புண் ஆறவில்லை. விளிம்பு வெளுத்து, நடுவில் நீர் கசிந்தது. ஆள் மெலிந்தான். அவள் பத்தியத்தை இன்னும் இறுக்கிப் பருப்பையும் நிறுத்தினாள். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்டார்.

“சாப்பாடு நான் சொன்னபடிதானே?”

“ஆமா சார். முட்டை, மீனு, கீரை எல்லாம் குடுக்கேன்.”

ஜெயசிங் அவளைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நல்ல சாப்பாடும் மருந்தும் போயும் ஆறலேன்னா, உள்ள எலும்பு வரைக்கும் சீழ் இறங்கியிருக்கணும். இனி விட்டா உயிருக்கு ஆபத்து. நாளைக்கே இந்தக் காலை எடுத்திருவோம்” என்றார் டாக்டர்.

அவள் வராந்தாவில் போய் நின்றாள். உண்மையைச் சொன்னால் புருஷனைப் பட்டினி போட்டவள் என்று ஊர் பேசும். சொல்லாவிட்டால் கால் போகும். இதில் தயங்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அவள் தயங்கினாள். தான் செய்ததைவிட அந்தத் தயக்கமே பின்னால் அவளை அதிகம் அரித்திருக்க வேண்டும்.

டாக்டர் கிளம்பும் நேரத்தில் வழியை மறித்தாள்.

“சார், பொய் சொல்லிட்டேன். ஒண்ணும் குடுக்கல. கஞ்சியும் ரொட்டியுந்தான்.”

அவர் திரும்பி வார்டுக்குள் வந்து ஜெயசிங்கிடம் கேட்டார். “நீங்களாவது சொல்லக் கூடாதா?”

“அவளே சொல்லட்டும்னு இருந்தேன் சார்.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அறுவை தள்ளிப் போடப்பட்டது. அன்றிலிருந்து அவித்த முட்டை, சாளை மீன் குழம்பு, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கேப்பைக் கூழ், நெல்லிக்காய் என்று தூக்குச்சட்டியில் கொண்டு போனாள். சாப்பாடு மட்டுமே ஆற்றியது என்பது மிகை. ஊசியும் மருந்தும் கூடவே இருந்தன. ஆனால் வெளுத்துக் கிடந்த விளிம்பில் சிவப்பாய்ச் சதை துளிர்த்தது. கால் தப்பியது. நடையில் ஒரு சாய்வு மட்டும் தங்கிவிட்டது. அந்தச் சாய்ந்த நடையின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் அவள் தலை தானாகக் குனியும்.

அவன் வேலைக்குத் திரும்பிய வாரம் ஒரு காலையில் கோழி கேறியது; அன்றே கோழிகளை எல்லாம் அடுத்த தெருப் பேச்சிக்குக் கொடுத்துவிட்டாள். ஜெயசிங் வெறும் முற்றத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். அண்ணாச்சிதான் கேட்டார்.

“ஏன் தாயி, வீட்டுக் கோழியத் தூக்கிக் குடுத்துட்டு எங்கிட்ட முட்டை வாங்குதியே?”

“நல்ல முட்டையாப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி” என்றாள்.