குடையம்மாவின் இரண்டாவது சாவி

"கலர் வேணாம். உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்கிறார் குடையம்மா. சன்னலுக்கு வெளியே நிற்பவர் கைப்பையைத் தொலைத்தவர். கண்ணாடிக் கூடு, இரண்டு கைக்குட்டை, பாதி தீர்ந்த இருமல் மாத்திரை அட்டை என்று தட்டுத்தடுமாறி ஒப்பிக்கிறார். குடையம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குடைக் காம்பில் எண் அட்டையை நூலால் கட்டியபடியே கேட்டுக்கொள்கிறார். பையில் கைக்குட்டை மூன்று இருந்தது. மாத்திரை இல்லவே இல்லை. மறுபேச்சில்லாமல் பையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில் அவருக்கு இது பத்தொன்பதாவது வருடம். அங்கே வந்து சேர்வதில் பாதி குடைகள். அதனால் ஊழியர்கள் வைத்த பெயர்தான் குடையம்மா. வாசகர்களுக்கு அவர் வேறு பெயரில் நான்கு துப்பறியும் நாவல்கள் எழுதியவர். நான்கிலும் சேர்த்து ஒரு கொலைகூடக் கிடையாது. துப்பறியும் கதையை இலக்கியமாக்கியவர் என்று விமர்சகர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.

அதே கட்டடத்தின் மாடியில், கால அட்டவணைப் பிரிவில், நானும் இருபத்தோரு வருடமாக இருக்கிறேன். நானும் துப்பறியும் நாவல் எழுதுகிறவன்தான். அது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மூடி மறைத்து எழுத எனக்கு வராது. அவருடைய நான்காவது நாவலுக்கு விருது கிடைத்த அன்று அலுவலகம் முழுக்க இனிப்பு கொடுத்தார். வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். எறும்பு தின்றது.

எது விஷம், எத்தனை மணி நேரத்தில் உடல் விறைக்கும், கைரேகையை எப்படி எடுப்பார்கள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நானூறு நாவல்களுக்கு மேல் படித்துவிட்டேன். குடையம்மா நான்கு படித்திருந்தால் அதிகம். ஆனால் அவருக்கு ஒரு சன்னல் வாய்த்திருக்கிறது. தினமும் முப்பது பேர் அதில் தலையை நீட்டி, தங்கள் பைக்குள் என்ன இருக்கிறது என்று தாங்களாகவே வந்து சொல்கிறார்கள். என் மேசைக்கு வருவதெல்லாம் 'ஆறு நாற்பது வண்டி ஏழு ஐந்துக்கு' என்கிற சீட்டுதான். அதை வைத்துக்கொண்டு என்னத்தை எழுதுவது?

அன்றைக்குத் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்த நான், கைக்குட்டைக்காரர் போனதும், இத்தனை தப்பு சொன்னவருக்கு எப்படிப் பையைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்க தப்பாத்தான் சார் சொல்லுவாங்க. கூடவே கிடக்கிற பொருளை யாரு உத்துப் பாக்குறா? எல்லாம் சரியா சொன்னா, அது அடுத்தவங்களுது."

இதைத்தான் அவர் இரண்டாவது நாவலில் வைத்தார். அப்பாவின் பழைய கோட்டு ஒன்றைப் பற்றி மூன்று மகள்கள் சாட்சி சொல்கிறார்கள். பொத்தானின் எண்ணிக்கைவரை சரியாகச் சொன்னவள் மாட்டிக்கொள்கிறாள். நினைவின் இயல்பு பற்றிய ஆழ்ந்த விசாரணை என்று ஒரு பேராசிரியர் பத்துப் பக்கம் எழுதினார். குடைக்கும் பைக்கும் அட்டை கட்டிக் கட்டித் தெரிந்துகொண்ட விஷயமய்யா அது! நான் அதே சங்கதிக்காக நினைவாற்றல் பற்றி ஏழு புத்தகம் படித்து, குறிப்பெடுத்து, ஒரு வரி தேறாமல் கிடந்தேன்.

எழுதுவதற்கென்று அவருக்குத் தனி அறை, நல்ல நாற்காலி எதுவும் கிடையாது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கூட்டம் இருக்காது. காலாவதியான உரிமைகோரல் படிவங்களின் முதுகில் பென்சிலால் எழுதுவார். யாராவது வந்தால் ரப்பரை எடுத்துத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்து போவார். வீட்டில் கணவர் கிரேன் ஓட்டுகிறவர். "அவரு எங்க சார் படிக்கிறாரு? முதல் பக்கத்துலயே யாரு பண்ணதுன்னு கேக்கறாரு" என்பார். மாமியார் மட்டும் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்துவிட்டு, இதில் வரும் சிடுமூஞ்சி நான்தானே என்று ஒரு வாரம் பேசாமல் இருப்பாராம்.

இனி என் விஷயம். நான்கு வருடத்துக்கு முன் ஒரு மதியம், தேநீர் குடிக்கக் கீழே போனபோது, குடையம்மா ஒரு சம்பவம் சொன்னார். கைப்பையைத் தேடி ஒரு பெண்மணி வந்தார். பை அவருடையதுதான். ஆனால் வீட்டுச் சாவி ஒன்று இருக்கும் என்றார். பைக்குள் இரண்டு இருந்தது. இரண்டாவது சாவியைக் காட்டியதும் "அது என்னுது இல்ல" என்று சொல்லி, அதை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் கதை. இதை எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை, வைத்திருக்கிறேன் என்றார் குடையம்மா.

நான் வைத்திருக்கவில்லை, எழுதிவிட்டேன். முந்நூறு பக்கம். திருட்டு என்று தெரிந்துதான் எழுதினேன். அவரிடம் ஆயிரம் இருக்கிறது, ஒன்று குறைந்தால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக ஒரு பதிப்பாளர் என் எழுத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். நன்றாக இருக்கிறது, போடலாம் என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். உங்கள் அலுவலகத்தில்தானே அந்த அம்மா இருக்கிறார், அவரிடம் ஒரு முன்னுரை வாங்கி வாருங்கள், அது இருந்தால்தான் புத்தகம்.

ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு திருடிய பொருளை, அந்த முந்நூறு பக்கத்தை, கட்டி எடுத்துக்கொண்டு அதே சன்னலில் போய் நீட்டினேன். குடையம்மா வாங்கி ஒரு குடைக்குப் பக்கத்தில் வைத்தார். பத்து நாள் ஒரு பேச்சும் இல்லை. கீழே போவதையே நிறுத்திவிட்டேன். தேநீரைக் கடைநிலை ஊழியர் மாடிக்கே கொண்டுவந்தார்.

பதினோராம் நாள் மதியம் கூப்பிட்டனுப்பினார். அறையில் யாரும் இல்லை. கட்டைப் பிரித்து வைத்திருந்தார். மேலே முன்னுரை, ஒரு பக்கம், தெளிவான கையெழுத்தில். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

"எல்லாம் சரியா சொல்லியிருக்கீங்க சார்" என்றார்.

அந்த அறையில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தேடி எடுத்தார். அங்கேதான் என் கதாநாயகி இரண்டாவது சாவியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நெடுநேரம் யோசித்து, அது என்னுடையது இல்லை என்கிறாள். ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருந்தேன்.

"இதை உங்ககிட்ட சொல்ல விட்டுட்டேன் போல. அந்தம்மா சாவியைப் பாக்கவே இல்ல சார். பாக்காமலேயே சொன்னாங்க."

அது எந்த வீட்டுச் சாவி என்று தெரிந்தவர்தான் பார்க்காமலேயே மறுக்க முடியும். எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. என் முந்நூறு பக்கத்திலும் இல்லாதது அந்தப் பெண்மணி சாவியைப் பார்க்காத அந்த ஒரு கணத்தில் இருந்தது. சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் கிடைத்த கணம். அதை நான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்து, இப்போது திருடனிடமே எடுத்துக் கொடுக்கிறார். திட்டியிருந்தால்கூட இத்தனை வயிறு எரிந்திருக்காது.

குடையம்மா என் ஒன்றரைப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் பென்சிலால் 'பார்க்காமலேயே சொன்னாள்' என்று எழுதினார். தாளைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தார். பென்சில் எழுத்து அழிந்துவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அந்த வரியின் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.