செல்வியிடம் நான் கேட்ட ஜெராக்ஸ்

போன தீபாவளிக்கு முந்தின மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. வெம்பக்கோட்டைப் பக்கம் எழுந்த வெடிச்சத்தத்தில் எங்கள் வேதாகமக் கல்லூரியின் ஜன்னல்கள் அதிர்ந்தன. இருபத்திரண்டு மாணவர்கள், நான்கு ஆசிரியர்கள், வருவாய்த்துறையில் ஓய்வு பெற்றுப் பதிவாளராக வந்து உட்கார்ந்த நான். கல்லூரி அவ்வளவுதான்.

எங்களுக்குச் சமைக்கும் செல்வியின் கணவர் பாண்டி வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில்தான் புகை எழுந்தது. செல்வி போன் அடித்துக்கொண்டே இருந்தாள். எடுப்பாரில்லை. வேலைக்குப் போகிறவர்கள் ஆலை கேட்டிலேயே போனைக் கொடுத்துவிட வேண்டும். ஆலைக்குப் போகும் வழியைப் போலீஸ் மறித்துவிட்டது.

எல்லோரும் சிற்றாலயத்தில் முழங்கால் போட்டோம். என் வாய் ஜெபித்தது. மனம் நிவாரண மனு எழுதியது. எந்தத் தாள் இல்லாவிட்டால் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம். எழுந்து செல்வியிடம் போய், "பாண்டியோட ஆதார் ஜெராக்ஸ் இருக்காம்மா?" என்றேன்.

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "அவுக செத்துட்டாகன்னு ஒங்களுக்கு யாரு சார் சொன்னா? எல்லாரும் அவுக உசுரக் கேக்காக. நீங்க ஜெராக்ஸ் கேக்கீக."

தரையில் விழுந்தேன். 'ஆண்டவரே, உயிரோடு இருப்பவனை இறந்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அந்தப் பெயரை நீரே அடித்துவிடும்' என்று அழுதேன்.

பதினொரு மணிக்கு மேல் பாண்டி கரி படிந்த கைகளோடு வந்து நின்றார். செல்வி அவர் நெஞ்சில் குத்தினாள். "ஒரு வார்த்த சொல்லி விடப்பிடாதா? எங்கன போனீக?"

"போன கேட்டுல குடுத்துட்டு நொழஞ்சேன். போர்மேன் சட்டையத் தொட்டுப் பாத்தாரு. 'இது பாலியெஸ்டர்லே, பொறி பறக்கும், போயி பருத்திச் சட்ட மாத்திட்டு வா'ன்னுட்டாரு. நான் திரும்புறதுக்குள்ள வெடிச்சுப்போச்சு. இம்புட்டு நேரமும் ஆளுகளத் தூக்கிக்கிட்டிருந்தேன்."

ஒரு சட்டை விதியைக் கொண்டு ஆண்டவர் பதில் கொடுத்தார். ஆனால் பாண்டியோடு அதே அறையில் வேலை பார்த்த மாரியப்பன் திரும்பவில்லை. அவர் வீட்டிலும் கும்பிட்டுத்தானே இருப்பார்கள்? ஏன் என்று இன்னும் கேட்கிறேன். நன்றியும் சொல்கிறேன். இரண்டையும் ஆண்டவர் முன்னால்தான் வைக்கிறேன்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை ஜெபத்துக்கு மாரியப்பனின் மனைவியும் வருகிறாள். எதுவும் கேட்பதில்லை, செல்வியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு நான் எதையும் விளக்கப் போவதில்லை.

பிரியமானவர்களே, பயம் வரும்போது முடிவை நீங்களே எழுதிவிடாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். என்ன பதில் வரும் என்று நான் உறுதி தர முடியாது. ஜெபத்தைக் கேட்கிறவர் இருக்கிறார். அதற்கு நான் சாட்சி.