பின் சீட்டில் நடந்த பாடம்

போன ஆடி மாதம், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ஊட்டியிலிருந்து குந்தா போகும் பஸ்ஸில்தான் வகுப்பை வேறு மாதிரி நடத்தலாம் என்ற யோசனை எனக்குத் தோன்றியது.

அப்போது நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தத் தொடங்கி ஒரு மாதம்தான். முழுக்க ஆங்கிலம். ஒரு தமிழ் வார்த்தைகூடக் கலக்காமல் நடத்துகிறேன் என்பதில் எனக்கு அத்தனை பெருமை! புரிகிறதா என்று கேட்டால் வகுப்பே "எஸ் மேடம்" என்று கோரஸ் பாடும். நம்பிவிட்டேன்.

அன்று தோழி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். குளிருக்குத் தலையோடு சால்வை போர்த்தியிருந்ததால், பின் சீட்டிலிருந்த என் மாணவிகள் இருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.

"நாளைக்கு டி.சி. வாங்கிர்றேன்டி. கோயமுத்தூர்ல அக்கா வேலை செய்யற கடைக்கே போயிர்றேன்" என்றாள் ஒருத்தி. "அந்த மேடம் மூச்சு விடறதே இங்கிலீஷ்லதான். எனக்கு ஒண்ணும் ஏறமாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. அன்று நான் நடத்தியது குறைந்து செல் விளைவு விதி.

"அட, இன்னிக்கு நடத்துனது உங்க தேயிலை எஸ்டேட் கதைதான்டி" என்றாள் மற்றவள். "நாலு பேர் கொழுந்து பறிக்கற எடத்துல அஞ்சாவது ஆளை எறக்குனா இன்னும் கொஞ்சம் கொழுந்து வரும். பத்தாவது ஆளை எறக்குனா? செடி அதேதான? கொழுந்தா கூடும்? ஊர்க்கதைதான் கூடும்!"

"இவ்வளவுதானா? இதுக்கா அந்தம்மா ஒரு மணி நேரம் கத்துச்சு?"

சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிவிட்டேன். இருவரும் அடித்துப் பிடித்து எழுந்து நின்றார்கள்.

"ஐயோ... மேடமுங்களா!"

"உக்காருங்க. டி.சி.யை ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. நாளைக்கு வகுப்புல இதை அப்படியே சொல்லணும், சரியா?" என்றேன்.

மறுநாள், பஸ்ஸில் விளக்கம் சொன்னவள் அதையே வகுப்பில் தமிழில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. பிறகு கேள்விகள் வந்தன, அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக! இதையே ஆங்கிலத்தில் யார் சொல்வது என்று கேட்டேன். டி.சி. வாங்க இருந்தவள் மெல்ல எழுந்தாள். நாலே வாக்கியம். நடுவில் இரண்டு முறை திணறி நின்றாள். ஆனாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அவள் இன்னும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். அதற்காக, பஸ்ஸில் அவளுக்குப் பாடம் சொன்ன அவள் தோழிக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த பருவத்தில் படுக மொழி பேசும் பிள்ளைகளும், கூடலூர்ப் பக்கத்து மலையாளம் பேசும் பிள்ளைகளும் முதலில் தங்கள் மொழியிலேயே விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்கு வரட்டும் என்று சொல்லப் போகிறேன். அந்த இரண்டு மொழியும் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒன்றும் புரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நானும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டுமே.