ராஜகிரியில் ஒரு விமான ஒத்திகை

எங்கள் மாமா விமானத்தைப் பற்றிச் சகலமும் அறிந்தவர். அதன் உள்ளே மட்டும் போனதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டூரிஸ்ட் வேன் வைத்திருந்தார். வெளிநாடு போகிறவர்களை மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் விடுவார், திரும்பி வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருவார். வண்டி திண்டிவனம் வருவதற்குள் அவர்கள் அளந்துவிடுகிற கதைகளிலிருந்துதான் அவருடைய ஞானம் முழுவதும் வந்தது.

நைனா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். தம்பி பிறந்தபோது அங்கே இருந்தார். தம்பிக்குப் பல் முளைத்தபோதும் அங்கேதான் இருந்தார். மகனைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. எனக்கே அவர் முகத்தைவிடப் போனில் வரும் குரல்தான் நன்றாகத் தெரியும். ஒருவழியாக எங்கள் மூன்று பேருக்கும் விசா கிடைத்துவிட்டது என்று போன் வந்த அன்று அம்மா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள். காரணம், தம்பி தூளியைத் தவிர வேறெங்கும் தூங்க மாட்டான். பாயில் போட்டால் அழுது ஊரைக் கூட்டிவிடுவான்.

மாமா சும்மா இருக்கவில்லை.

“பிளேன்ல கொழந்த ஓயாம அழுதுச்சுன்னா எறக்கி உட்டுருவாங்களாம்க்கா. வேன்ல வந்த பார்ட்டி ஒருத்தரு சொன்னாரு.”

“நடு வானத்துல எங்கடா எறக்குவான்? வேலயப் பாத்துக்கினு போ” என்றாள் அம்மா. ஆனால் சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. நான் முழுசாகவே நம்பினேன். நாங்கள் நைனாவிடம் போய்ச் சேருவதும் சேராததும் தம்பியின் தொண்டையில்தான் இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெளிவாகிவிட்டது. ஒண்ணாம் வகுப்பில் இருந்த எனக்கு அது பெரிய பாரம்.

நோயைச் சொன்ன மாமாவே மருந்தும் சொன்னார். குழந்தைகள் அழுவது காதினால்தானாம். மேலே போகப் போகக் காது அடைக்கும், வலிக்கும், கண்ணில் தண்ணீர் வரும். உயரத்துக்கு இப்போதே பழக்கிவிட்டால் தீர்ந்தது. செஞ்சியில் உயரத்துக்கா பஞ்சம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எங்களை ராஜகிரிக் கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

தம்பி மாமாவின் தோளில். நான் மாமாவின் விரலில். பின்னால் அம்மா, பால் புட்டியும் கையுமாக, ஒவ்வொரு வளைவிலும் தன் உடன்பிறந்தவனைத் திட்டிக்கொண்டே ஏறினாள். வழியில் ஒரு குரங்கு தம்பிக்கு வைத்திருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் பாலத்தைத் தாண்டி உச்சிக்குப் போனபோது காற்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தது. கீழே ஊர் சின்னதாக, சத்தமே இல்லாமல் கிடந்தது. பஸ்கள் தீப்பெட்டிகள் மாதிரி நகர்ந்தன.

“இப்ப பிளேன் மேல போவுதுன்னு வெச்சுக்கோ. காது அடைக்குதா?”

அடைக்கவில்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

“எச்சி முழுங்கு. கண்ணுல தண்ணி வந்தாலும் முழுங்கு. சரியாயிடும்.” மாமா தானே முழுங்கிக் காட்டினார். அவர் தொண்டைமணி ஏறி இறங்கியது. நானும் முழுங்கினேன். அம்மா புட்டியைத் தம்பி வாயில் வைத்தாள். இறங்கும்போது தம்பி மாமா தோளிலேயே தூங்கிப்போனான். வெயிலில் சுருண்டுவிட்டான் என்று அம்மா சொன்னாள். ஒத்திகை வெற்றி என்று மாமா சொன்னார்.

“பிளேன்லேந்து பாத்தா நம்ம மல தெரியும், பாரு” என்றும் சொன்னார்.

ஊருக்குப் போகிற அன்று, தூளி கட்டுகிற பழைய நூல் புடவையை அம்மாவின் கைப்பையில் அவரே திணித்தார். “மேல கொக்கி கிக்கி இருக்கும்க்கா, கட்டிக்கலாம்.” விமான நிலையத்தின் வாசலோடு அவருடைய ராஜ்யம் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

விமானம் ஏறும்போது தம்பி பால் குடித்தான், அழவில்லை. நான் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு எங்கள் மலையைத் தேடினேன். கொஞ்ச நேரத்தில் கிடைத்தது. பாறைமேல் பாறையாக, உருண்டை உருண்டையாக, அப்படியே செஞ்சி. யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டது போல வெள்ளையாக இருந்ததுதான் வித்தியாசம். அந்த வெள்ளைப் பாறைகளுக்கு நடுவில் எங்கேயாவது மாமா ஏறிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் பறந்தாலும் செஞ்சி தீரவே இல்லை. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் தம்பி ஆரம்பித்தான். புட்டியைத் தள்ளினான். தோளில் போட்டால் விறைத்துக்கொண்டான். முன் வரிசையில் தலைகள் திரும்பின. அம்மா எழுந்து புடவையை எடுத்தாள். கொக்கியைத் தேடினாள். இறக்கிவிடப் போகிறார்கள், நைனா அங்கே காத்துக்கொண்டே நிற்கப் போகிறார்.

விமானப் பணிப்பெண் வந்து ஏதோ சொன்னாள். அம்மாவுக்குப் புரியவில்லை.

“கட்டக் கூடாதாம்மா” என்றார் பக்கத்து வரிசையில் இருந்த ஒருவர். “எந்த ஊரு நீங்க?”

“செஞ்சிண்ணா.”

“அட, நமக்குப் பக்கத்துல தொண்டூரு.” அவர் புடவையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “கட்டத்தான கூடாது? புடிச்சிக்கினா?”

பின்கட்டில், கழிவறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. தொண்டூர்க்காரர் புடவையின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டார். கூட வேலை செய்கிறவராம், இன்னொருவர் மறு முனையை. நடுவில் தம்பி. பணிப்பெண் வந்து பார்த்தாள். திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேகத்தின் மேல் இரண்டு ஆண்கள் தூளி ஆட்டினார்கள். விமானத்தின் இரைச்சலே தாலாட்டு மாதிரி இருந்தது. தம்பி விசும்பினான், கொட்டாவி விட்டான், தூங்கினான்.

தூங்கிய பிறகும் தொண்டூர்க்காரர் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“கை வலிக்கும், குடுங்கண்ணா” என்றாள் அம்மா.

“இருக்கட்டும்மா. நம்ம வூட்லயும் ஒண்ணு இருக்குது. காலைல தூளில தூங்கிக்கினு இருந்துச்சு. எழுப்பாம வந்துட்டேன்.”

இடத்துக்குத் திரும்பியபின் அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். அம்மா அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் மாமாதான். பாவம், இவருக்கு யாரும் ஒத்திகை பார்த்துக் காட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எட்டிச் சொன்னேன்.

“மாமா, எச்சி முழுங்குங்க. சரியாயிடும்.”

அவர் என்னைப் பார்த்தார். சொன்னபடி முழுங்கினார்.

“சரியாயிட்ச்சா?”

“ஆயிட்ச்சும்மா” என்றார். மாமாவின் மருந்து பலித்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மஸ்கட்டில் வெளியே வந்ததும் நைனா ஓடி வந்தார். போனில் கேட்ட குரலுக்கு இப்படி ஒரு முகம் இருந்தது. என் தலையைத் தடவிவிட்டு, தம்பியை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். தம்பி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டான். நைனா இன்னும் கிட்டே வந்தார். தம்பி உடம்பை முறுக்கி, கூட்டத்தில் பெட்டியோடு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த தொண்டூர்க்காரரைப் பார்த்துத் தாவினான். அவர் ஒரு நிமிஷம் நின்றார். நைனாவைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டார்.

“புதுசுல்ல, பழகிடுவான்” என்றாள் அம்மா.

“பழகிடுவான், பழகிடுவான்” என்று நைனா சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. தொண்டைமணி ஏறி இறங்கியது. நாள் முழுக்கத் தரையிலேயே நின்றுகொண்டிருந்த மனிதருக்கு எப்படிக் காது அடைக்கும்? போனில் மாமாவிடம்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.