ஸ்டியரிங் இருக்கும் பக்கம்

நேற்று வரைக்கும் டப்பா, இன்றைக்கு கிளாசிக். முத்துப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஜப்பான் காரைப் பற்றி ஊர் இத்தனை வருடமாகச் சொன்னதை இவ்வளவில் அடக்கிவிடலாம். என்னைப் பற்றி ஊர் எதுவும் சொன்னதில்லை. அந்தக் காரை ஓட்டுகிறவள் நான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வாய் வராது.

முதலிலிருந்து சொல்கிறேன். என் கணவர் சபராளி. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அங்கே ஓர் அரபி முதலாளியின் துணிக்கடையில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாடு வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவைத் திறந்துவிட்ட சமயம், இனி ஊரிலேயே கடை வைக்கலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். மற்ற சபராளிகள் டிவியும் தங்கமும் கொண்டுவந்தார்கள். இவர் முதலாளி வீட்டுப் பழைய காரைக் கப்பலில் ஏற்றிவிட்டார். இத்தனைக்கும் இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"இது எதுக்கு மச்சான் நமக்கு?" என்று கேட்டேன்.

"ஊருக்குள்ள ஒரு மதிப்பு வேணாமா?" என்றார்.

மதிப்பாம். வெளிர் நீலத்தில் பெட்டி மாதிரி ஒரு வண்டி. அந்த நாட்டில் சாலையின் வலது பக்கம் ஓட்டுவார்கள், அதனால் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊர் சட்டப்படி அந்த விவரத்தை வண்டியின் பின்னால் சிவப்பு எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதியும் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? சம்பளத்துக்கு வைத்த டிரைவர், "இத ஓட்டினா எனக்கு கை காலெல்லாம் மாறிப் போவுதுக்கா" என்று சொல்லிவிட்டு ஒரே வாரத்தில் கும்பிடு போட்டார். கடையும் எடுபடவில்லை. கணவர் மறுபடி சபர் போனார். சுங்க விதிப்படி காரை உடனே விற்கவும் முடியாது. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது என் உம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அடிக்கடி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். மன்னார்குடியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும், அதில் உட்கார இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஒரு நாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே உம்மா மயங்கி விழுந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தத் தார்ப்பாயை உருவி எறிந்ததுதான். எனக்கு அவ்வளவு ஆத்திரம். வீட்டில் ஒரு காரைப் படுக்கவைத்துவிட்டு, பெற்றவளைப் பஸ்ஸில் தொங்கவிட்டுக் கூட்டிப் போகிறேன், இது என்ன பிழைப்பு?

லாரி ஷெட் வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஊர் வாய்க்குப் பயந்து அவருடைய மனைவியையும் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொள்வோம். அறுப்பு முடிந்த வயல்தான் எனக்கு மைதானம். மாமியார் விடவில்லை.

"பொம்பளை வண்டி ஓட்டுனா ஊரு என்ன சொல்லும்?"

"எங்க உம்மா விழுந்தா ஊரா வந்து தூக்கப் போவுது மாமி?"

லைசென்ஸ் எடுத்தேன். உம்மாவைப் பின் சீட்டில் தலையணை வைத்துப் படுக்கவைத்துத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். தெருவில் பிரசவ வலி எடுத்தவர்களை ஏற்றிப் போயிருக்கிறேன், விதை நெல் மூட்டை ஏற்றியிருக்கிறேன், பிள்ளைகளை மழையில் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறேன். பளபளவென்று புதுக் கார்கள் ஊருக்குள் வந்தபோது, "இன்னுமா அந்த டப்பாவ வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுப் பெண்களும் அவசரத்துக்கு அந்த டப்பாவில்தான் ஏறினார்கள்.

இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. முன்னால் ஒரு பஸ் போனால் எதிரில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. வலது பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கணவர் லீவில் வரும்போதெல்லாம் அந்த வேலை அவருக்கு. "பொறு... பொறு... ம், வரலாம்" என்பார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மற்ற கார்களில் டிரைவர் உட்காரும் இடம் அல்லவா அது? எதிரே வருகிறவர்கள் அவருக்குத்தான் சலாம் வைப்பார்கள். இவரும் கையைத் தூக்குவார். ஒரு தடவை போலீஸ்காரர் நேராக அவர் ஜன்னலுக்குப் போய் லைசென்ஸ் கேட்டார். குனிந்து பார்த்தால் அங்கே ஸ்டியரிங்கைக் காணோம். மனிதர் முழித்த முழி இருக்கிறதே! வீடு வந்து சேரும் வரை சிரித்தோம். அவர் கையைத் தூக்கி வாங்கிக்கொண்ட சலாமை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகட்டும், மனிதருக்கு அதில் ஒரு சந்தோஷம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கணவர் சபரை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். எங்களுக்கும் வயதாயிற்று. அப்போதுதான் இந்தப் பழைய ஜப்பான் கார் மோகம் கிளம்பியது. டிவியைப் போட்டால் அது, போனைத் திறந்தால் அது. யாரோ கொட்டகையில் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள், யாரோ துடைத்துப் பூமாலை போடுகிறார்கள். எங்கள் காரைப் பற்றியும் எப்படியோ கேள்விப்பட்டு, கேமராவோடு இரண்டு இளைஞர்கள் வந்து இறங்கினார்கள்.

நான் நல்ல புடவை கட்டித் தயாராக இருந்தேன். சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர் பம்ப் போனபோது எந்த வேன் பம்ப்பைச் சீவிப் பொருத்தினோம், மழைக்காலக் காலையில் எப்படி ஸ்டார்ட் பண்ண வேண்டும், எல்லாம். அவர்கள் என் கணவரைக் கூட்டிப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

"பாய், எவ்வளவு காலமா ஓட்டுறீங்க?"

கணவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார்.

"கொண்டாந்த நாள்லேருந்து ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தம்பி, ஓட்டுறது நானு" என்றேன். கேமராக்காரர், "சூப்பர்ம்மா, அதையும் போட்டுடலாம். இப்ப நீங்க டீ கொண்டாந்து பாய்கிட்ட குடுக்குற மாதிரி ஒரு ஷாட்" என்றார். வீடியோ வந்தபோது டீ இருந்தது, நான் சொன்னது இல்லை. 'மனைவியைப் போல் காரைப் பார்த்துக்கொள்ளும் பாய்' என்று தலைப்பு வேறு. மனைவியை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்கே சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நீங்கதான் ஓட்டுறவங்களாச்சே. வச்சுக்குங்க."

"ஏதோ பேச்சுவாக்குல வந்துருச்சு, விடேன்."

நான் விடவில்லை. அவர் ஆட்டோவில் பள்ளிவாசலுக்குப் போனார், நான் பஸ்ஸில் மன்னார்குடிக்குப் போனேன். வீட்டில் பேச்சு 'உம்', 'ஆங்' என்ற அளவில் ஓடியது. இந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருக்கும் மகன் போன் செய்தான். வீடியோவைப் பார்த்த சென்னைக்காரர் ஒருவர் காரை நல்ல விலைக்குக் கேட்கிறாராம், வாப்பாவிடம் பேசிவிட்டானாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். என்னிடம் கேட்கவில்லை, தகவல் சொன்னான். ஆர்.சி. புத்தகம் கணவர் பெயரில். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் கார் போய்விடும். கார் போனால் நான் யாராவது கூட்டிப் போனால் போகிறவள், இல்லாவிட்டால் வாசலோடு நிற்கிறவள்.

சென்னைக்காரர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், கதவைத் தடவினார்.

"சார், ஒரு ரவுண்டு போலாமா? நீங்களே ஓட்டுங்க, வீடியோல பார்த்த மாதிரி" என்றார் கணவரிடம்.

கணவர் சாவியோடு நின்றார். நான் வாசற்படியில் சாய்ந்துகொண்டேன்.

"ஓட்டிக் காட்டுங்க மச்சான். ஆசைப்பட்டுக் கேக்குறாங்கள்ல."

அவர் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து, மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார். முகம் வேர்த்திருந்தது.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றார்.

"விளையாடாதீங்க சார்."

"நெசமாத்தான். அவதான் ஓட்டுவா." சாவியை என் பக்கம் நீட்டினார். நீட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று கொஞ்சம் விட்டு, அப்புறம்தான் வாங்கினேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

சென்னைக்காரர் முன்னால் வலது பக்கம் ஏறினார், கணவர் பின்னால் உட்கார்ந்தார். மன்னார்குடி சாலையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு போனது. "எதிர்ல வண்டி வருதா தம்பி?" என்று கேட்டேன். அவர் டேஷ்போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "போலாம், போலாம்" என்றார். "பொறு! பஸ் வருது" என்றார் கணவர் பின்னாலிருந்து. பஸ் சடசடவென்று கடந்து போனது. "ம், இப்ப வரலாம்." நான் டிராக்டரைத் தாண்டினேன். பல நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் ஒழுங்காகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சென்னைக்காரருக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து கணவரிடம் பேரம் பேச ஆரம்பித்தார். "சார், சொன்னதுக்கு மேலயே தரேன். இப்ப இருக்குற கிராக்கில சொல்றேன், அடுத்த வருஷம் இதே கிராக்கி இருக்குமான்னு தெரியாது. வித்துடுங்க சார்." கணவர் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சார், சார் என்று சென்னைக்காரர் விடவுமில்லை. நெல் காயப்போட்டிருந்த இடத்துக்கு முன்னால் நான் வண்டியை ஓரம்கட்டினேன்.

"தம்பி, நான் இந்தப் பக்கம் இருக்கேன். என்கிட்ட கேளுங்க."

அவர் திரும்பினார். "விக்கிறீங்களாம்மா?"

"விக்கல."

அவர் மறுபடியும் பின்னால் திரும்பிக் கணவரைப் பார்த்தார். பேப்பர்படி கார் அவருடையது.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? பதில் சொல்லியாச்சுல்ல" என்றார் கணவர்.

அன்று சாயங்காலமே மகன் போன் செய்தான். கோபமாக இருந்தான். இப்படியொரு ஆள் இனி அமைவாரா, வாப்பாவுக்கும் ஓட்டத் தெரியாது, வாசலில் சும்மா நிற்கிற பழைய வண்டிதானே என்று அடுக்கினான்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா காரு?" என்றான் கடைசியில்.

"ஓட்டுறதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.