மரவள்ளியில் விழுந்த டிஞ்சர்

அண்ணன் கையில் டிஞ்சர் பாட்டில் கிடைத்த வாரம், எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அண்ணன் அப்போது திண்டிவனத்தில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் வாத்தியார் சோற்றில் டிஞ்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டாராம், சோறு கருநீலமாகிவிட்டதாம். மாவுச்சத்து இருந்தால் அப்படி ஆகும் என்றாராம். சர்க்கரைக்கு வேறொரு நீலத் தண்ணீர். அதை விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறம். முட்டையின் வெள்ளைக்கு மயில்துத்தக் கரைசலும் காரமும், விட்டால் ஊதா. அவையெல்லாம் பள்ளிக்கூடத்து அலமாரியில் பூட்டிக் கிடந்தன. டிஞ்சர் மட்டும் முழங்காலில் அடிபட்ட புண்ணியத்தில் கம்பவுண்டர் கொடுத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

புண் காய்ந்தது, சோதனை ஆரம்பித்தது. இட்லி நீலம். கேப்பைக் களி நீலம். வெல்லம் மாறவில்லை, பால் மாறவில்லை. கஞ்சி போட்டு மடித்து வைத்த அப்பாவின் வேட்டியும் நீலம். "பேஜாரு புடிச்சவனே, ஊருக்கு இன்னாத்தடா கட்டிக்கினு போவேன்?" என்று அப்பா வாசல்வரை துரத்தினார். அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சொல் உண்டு. "தோண்டிப் பாத்தா தங்கமும் பித்தளைதான். தின்றதத் தின்னுட்டு எழுந்திரு" என்றார்.

அத்தை அப்போது எங்களோடு இருந்தார். அப்பாவின் தங்கை. வளவனூரில் கட்டிக் கொடுத்து வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. 'ரெண்டு மாசம் அண்ணன் வீட்டில் இருந்துட்டு வா' என்று மாமியார் அனுப்பி, அந்த இரண்டு மாசம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. மாதாமாதம் சஷ்டி விரதம் இருப்பார். விதி சொன்னவர் மாமியார்தான்: அரிசி ஒரு பருக்கை படக்கூடாது, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு மட்டும், அதுவும் ஒரு வேளை. நாலு வருஷமாக அத்தை அந்த விதி பிசகவில்லை.

ஒரு சஷ்டியன்று அத்தையின் தட்டில் ஆறிக் கிடந்த கிழங்கில் அண்ணன் ஒரு சொட்டு விட்டார். சோறு மாதிரியே கறுத்தது.

"அத்தே, இது அரிசி!" என்று கத்தினார்.

அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. "இன்னொரு வாட்டி ஊத்து" என்றார். மறுபடியும் கறுத்தது. அண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது. விளையாட்டுக்குச் சொன்னேன், அரிசியிலும் மாவுச்சத்து இருக்கிறது, கிழங்கிலும் இருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினார். அத்தை பாட்டிலை வாங்கி மாடத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சஷ்டிக்கு வளவனூரிலிருந்து மாமியார் வந்துவிட்டார். வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை.

"பனமலப் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்கோம் தம்பி. ஏழப்பட்ட வூடு. உங்க தங்கச்சிய யாரும் தள்ளி வெச்சிடல. அவ பாட்டுக்கு அவளும் ஒரு மூலையில இருக்கட்டும். நாலு வருஷமா வெரதம் இருந்துக்கினுதான் இருக்கா, முருகன் கண்ணத் தொறக்கலியே. நான் இன்னா பண்ண?"

அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெண்ணைக் கொடுத்தவன் வாய் பாதி வாய் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அன்று அந்தப் பாதியும் திறக்கவில்லை.

உள்ளிருந்து அத்தை வந்தார். ஒரு தட்டில் பழைய சோறு ஒரு கை, இன்னொன்றில் ஆவி பறக்கும் மரவள்ளி. "தம்பி, அந்த மருந்தக் கொண்டா" என்றார் அண்ணனிடம்.

சோற்றில் சொட்டு விழுந்தது, கறுத்தது. கிழங்கில் சொட்டு விழுந்தது; ஒன்றும் ஆகவில்லை.

மாமியார் சிரித்தார். "இன்னாடி, மோடி வித்த காட்றியா?"

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அத்தை மட்டும் பதறவில்லை. "இருங்க. சூடு ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு விசிறியை எடுத்துக் கிழங்குக்கு விசிறினார். சம்பந்திக்கு விசிற வேண்டிய விசிறி அது. கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது, அப்புறம் திட்டாகக் கறுத்தது. சூட்டில் நிறம் வராது என்பது அண்ணனுக்கே தெரியாது. அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"அரிசி பட்டா வெரதம் வெரதமில்லன்னு நீங்கதான சொன்னீங்க? கெழங்கத் தின்னச் சொன்னதும் நீங்கதான். நாலு வருஷமா நான் சோறுதான் தின்னுக்கினு இருந்திருக்கேன். எனக்குத் தெரியல, ஒங்களுக்கும் தெரியல. முருகனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அத்தே, அது வந்து..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"பெரியவங்க பேசறப்போ குறுக்க பேசாத."

மாமியார் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பாலுல ஊத்து" என்றார். பால் கறுக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்போ வெரதமே இன்னும் ஆரம்பிக்கல" என்றார் மெதுவாக. "கொறையா வெச்ச வெரதத்து மேல இன்னொரு தாலி கட்டுனா எம்புள்ளைக்கு ஆவாது. ஒரு வருஷம் சஷ்டிக்கு வெறும் பாலக் குடிச்சு இரு. அப்புறம் பாக்கலாம்." பெட்டியைத் தூக்கச் சொல்லி, இருங்க என்று அம்மா தடுத்தும் நிற்காமல், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பனமலைப் பெண் ஒரு வருஷம் காத்திருக்கவில்லை. தை மாதமே வேறு இடத்தில் கல்யாணமாகிப் போனாள். பிறகு மாமாவே வந்து அத்தையை அழைத்துப்போனார். வேறு பெண் பார்க்கும் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. அத்தைக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். இல்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தச் சஷ்டியின் சாயங்காலம்தான். மாமியாரை ஏற்றிவிட்டு அப்பா திரும்பியதும் அண்ணன் அத்தையிடம் போய், "அது அரிசி இல்ல அத்தே. நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

"தெரியும்டா" என்றார் அத்தை. அம்மாவைக் கூப்பிட்டார். "அண்ணி, பசிக்குது. சோறு போடுங்க."

அம்மாவும் உடனே இலை போட்டுச் சுடுசோறு வைத்து ரசம் ஊற்றினார். விரத நாளில் சோறு! சாமி கண்ணைக் குத்தப்போகிறது என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார். பிள்ளை வேண்டும் என்றுதானே இத்தனை நாளும் விரதம் இருந்தார், இப்போது அதை இப்படிக் கெடுத்துக்கொள்கிறாரே என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.