வசைக்குக் கைதட்டுன கூட்டம்

அல்முட் வீஸஹானுக்கு அறுபது தாண்டியாச்சு. ரொட்டி சுடறவன் மக. பள்ளிக்கூடத்துல லத்தீன் நல்லா வந்துது, அதுவே வினையாப் போச்சு. அந்த ஜெர்மன் ஊரு சின்னது, நூலகம் பெருசு. பிரபு காலத்து நூலகம். அதுக்குள்ளயே அவ ஆயுசு கரைஞ்சுது.

வேலை என்னன்னா, நானூறு வருசத்துக்கு முந்தி சைலீசியாங்கிற சீமையில இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோட கடுதாசி, பாட்டு எல்லாத்தையும் படிச்சு அச்சுக்குக் கொண்டாறது. அந்தாளு சிநேகிதனுக்கு லத்தீன்ல எழுதுவான். கல்யாணமோ சாவோ, கேட்டவங்களுக்கு ஜெர்மன்ல பாட்டுக் கட்டிக் குடுப்பான். கையெழுத்து கோழி கிளறுன குப்பை. அதைப் படிச்சே அல்முட்டுக்குக் கண்ணும் போச்சு, கட்டிக்க வந்தவனும் போயிட்டான்.

அஞ்சு புத்தகம் வந்துது. அஞ்சுலயும் அட்டையில ஒத்தப் பேரு, இந்த வேலைக்கு மேலாளா இருந்த புரபசர் ஃபோல்க்மார் டீஸ்டல்காம்ப். "கடைசிப் புத்தகத்துல உங்க பேரும் அட்டையில வரும்"னு வாக்குக் குடுத்திருந்தாரு. அந்த ஒரு சொல்லை நம்பி, வருசா வருசம் வேலை ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டுக் கெடந்தா.

ஆறாவதுதான் கடைசி. அதுக்கு அட்டையில வரப்போற பேருங்களோட முகப்புத்தாள் வந்துது. புரபசர் பேரு. அதுக்குக் கீழ ஃபால்க் ஓஸ்டர்மேயர். போன வருசம் வந்து சேந்து முன்னுரை மட்டும் எழுதுனவன். அல்முட் உள்ள நன்றிப் பக்கத்துல, போட்டோ பிடிச்சவனுக்கும் அப்புறம்.

நேரா அவர் அறைக்குப் போனா.

"என் பேரு எங்க, புரபசர்?"

"நன்றியில இருக்கே, வீஸஹான் அம்மா. ஃபால்க் இனிமேத்தான் வேலை தேடணும். உங்களுக்குப் பென்சன் வரப்போவுது. அட்டையில பேர வச்சு என்ன பண்ணுவீங்க?"

"ரொட்டியில தடவித் திம்பேன்."

அவர் சிரிச்சாரு. "அப்புறம், என் பொறந்தநாள் விழாவுக்கு வழக்கம்போல ஒரு வாழ்த்துப்பா வேணும்."

அந்தப் புரபசர் கூட்டத்துல அப்படி ஒரு பழக்கம். யாருக்கு விழான்னாலும், அந்தக் காலத்துப் பண்டிதனுங்க மாதிரியே லத்தீன்ல ஒரு பாட்டு. கட்டித் தர்றது எப்பவும் அல்முட்தான்.

"எழுதறேன்"னா.

விழா அன்னிக்கு வெண்ணெய்க் கேக்கு, ஆளாளுக்குக் கையில நுரைக்கிற ஒயின். நடு மேசையில எல்லாரும் பாக்கட்டும்னு அந்த முகப்புத்தாள். பதிப்பாளர் ஹென்னிங்கும் வந்திருந்தாரு, மறுநாளே அச்சுக்குக் கொண்டுபோக.

அல்முட் எழுந்து படிச்சா. அந்தப் பண்டிதனுங்க வாழ்த்து மட்டுமா எழுதுனானுங்க? சண்டை வந்தா அவனுங்க எழுதற வசைக்குத் தெருநாய்கூடக் காதைப் பொத்திக்கும். அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். 'அடுத்தவ அடுப்புல வெந்த கஞ்சிய ஊதிக் குடிக்கிற பன்னியே, குடிச்சுட்டு அடுப்பும் என்னுதுங்கிற களவாணியே'ன்னு தொடங்கி, தலையிலேர்ந்து கால் வரைக்கும் கிழிச்சா. சந்தம் ஒரு இடத்துல பிசகல.

கூடம் அதிரக் கைதட்டல்! புரபசர் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. "அசல் வசைப்பா! இதை நம்ம ஆண்டுமலர்ல போட்டே ஆவணும்!"

"பிரமாதம்மா!"ன்னான் ஃபால்க்.

படிச்ச சென்மங்களைச் செருப்பால அடிச்சாலும், செருப்பு எந்தக் காலத்துதுன்னுதான் பாக்கும்.

அல்முட்டுக்கு ரத்தம் கொதிச்சுது. லத்தீனை விட்டுட்டு, அப்பன் அடுப்படியில பேசுன பேச்சுக்கு வந்தா.

"என்னய்யா இளிப்பு? வெறும் பாட்டு இல்ல அது, உங்களைத்தான் சொன்னேன். பன்னின்னது உங்களை. களவாணின்னதும் உங்களை."

கைதட்டல் செத்துது.

"வீஸஹான் அம்மா, இதை அப்புறம் தனியா..."

"தனியாப் பேசித்தான் இத்தனை வருசம் ஏமாந்தேன்."

மேசைக்குப் போனா. பேனாவைத் தொறந்து ஃபால்க் பேரை அடிச்சா. அந்த இடத்துல தன் பேரைக் கொட்டையா எழுதி ஹென்னிங் கையில திணிச்சா. "இதுதான் அச்சுக்குப் போவணும். தப்புன்னா இவரு இங்கயே, எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

ஹென்னிங் புரபசரைப் பாத்தாரு. கூடமே பாத்துது. புரபசர் வாயில கேக்கு. மெல்லவும் இல்ல, முழுங்கவும் இல்ல.

ஹென்னிங் தாளை மடக்கிக் கோட்டுப் பையில வச்சுக்கிட்டாரு.